இரவல் போன மெசின்பிள்ளை

தேநீரை முதலில் குடியுங்கள், பிள்ளை; ஆறினால் ஆடை படிந்துவிடும். கோப்பையின் கைப்பிடி உடைந்திருப்பதற்கு மன்னிக்கவும். நல்ல கோப்பைகள் ஒரு பிறந்தநாளுக்கென்று தெற்கு வீட்டுக்குப் போயின, இன்னும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. எங்கள் ஊரான சுருவிலில் இரவல் கொடுத்த பொருளை எவரும் வாய்திறந்து திருப்பிக் கேட்பதில்லை. இதை எவரும் எவருக்கும் கற்பித்ததில்லை. ஆயினும் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல எல்லோரும் கைக்கொள்கிறோம். வாங்கியவர் தாமாக உணர்ந்து தர வேண்டும். கொடுத்தவர் செய்யக்கூடியது ஒன்றே: அந்த வீட்டுக்குப் போய், தம் பொருளுக்கு எதிரே அமர்ந்து, வேறு எதையாவது கதைத்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு எழுந்து வருவது. இரவல் கேட்டு வந்தவரிடம் தர ஏலாது என்பதும் இங்கே நடவாத காரியம். நீங்கள் யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து வந்தவர். இந்த ஒழுங்கு விளங்காவிட்டால் நான் செய்தது உங்களுக்குக் குற்றமாகத் தோன்றக்கூடும். ஆகவே இதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் நிறுவனத்துக்கு அனுப்புவதற்காகக் கைபேசி ஒலிப்பதிவு செய்கிறது என்றீர்கள், துஷாந்தி. நல்லது. நான் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிறருடைய வாக்குமூலங்களை நிறையவே எழுதியிருக்கிறேன். அழுதுகொண்டு சொல்பவர்கள் நிகழ்ச்சிகளின் ஒழுங்கைக் கெடுத்துவிடுகிறார்கள். நான் அழப்போவதில்லை. பெயர் பாலசிங்கம். ஊரார் கிளாக்கர் என்பார்கள். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை.

வடக்கு வேலிக்கு அப்பால் இருப்பவர் சிவக்கொழுந்து ரீச்சர்; பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவர். அவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் நெடுங்காலமாக உண்டு. ஒரே மகள் கோசலா நோர்வேயில் இருக்கிறாள். தாய் தனியே மயங்கிக் கிடந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவள்தான் உங்கள் நிறுவனத்தின் இயந்திரத்தை வாங்கி அனுப்பினாள். இடுப்புயரம், வெள்ளை நிறம், காலுக்குப் பதிலாகச் சில்லுகள், நெஞ்சில் ஒரு திரை, இளஞ்சூடான இரண்டு கைகள். விரலில் குத்திச் சீனி பார்க்கும். கையைச் சுற்றிப் பிரஷர் பார்க்கும். அந்த அளவுகளை மகளுக்கும் கொழும்பிலிருக்கும் உங்கள் வைத்தியருக்கும் அனுப்பும். வைத்தியர் சொன்ன குளிசைகளை வயிற்றிலுள்ள லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கோசலா அழைத்தால் நெஞ்சில் அவள் முகம் தோன்றும். நிறுவனம் அதற்கு வைத்த பெயர் இங்கே எவர் வாயிலும் நுழையவில்லை. ரீச்சர் மெசின்பிள்ளை என்று கூப்பிட்டார். ஊரும் அப்படியே கூப்பிட்டது.

அதன் தமிழைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். “அம்மா, அருள்கூர்ந்து தங்கள் வலக்கரத்தை நீட்டுங்கள்” என்று அது கூறும்போது வேலிக்கு இப்பால் நின்ற நானும் வலக்கரத்தை நீட்டியதுண்டு. அத்தகைய தமிழை அதற்குமுன் நான் கேட்டது என்னுடைய பிரியாவிடைக் கூட்டத்தில்தான்.

அதைப் பொருத்த வந்த உங்கள் ஆட்கள் ஒரு சிறு பிழை விட்டார்கள் என்பதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று ரீச்சருக்குக் கண் முகாமில் வெண்படலம் எடுத்த புதிது; பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதோடு மூக்கடைத்த தடிமன் வேறு. காதில் குளிர் படாமல் தலையைச் சுற்றி வெள்ளைத் துவாய் கட்டியிருந்தார். உங்கள் ஆட்கள் அந்தக் கோலத்திலேயே அவர் முகத்தை இயந்திரத்துக்கு அறிமுகம் செய்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். ஆக, மெசின்பிள்ளையைப் பொறுத்தவரை கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் துவாயும் சேர்ந்ததே சிவக்கொழுந்து. ரீச்சரும் அதன்பின் அதன் முன்னே போகும்போதெல்லாம் இரண்டையும் அணிந்துகொண்டே போனார். அதே கண் முகாமில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என்னிடமும் அதே கறுப்புக் கண்ணாடி இருந்தது. துவாய் எல்லா வீட்டிலும் உண்டு.

இரு வளவுகளுக்கும் நடுவே இருப்பது கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து நுழையக்கூடிய ஒரு பொட்டு இருக்கிறது. அதோ, அந்த முருங்கைக்குப் பக்கத்தில். அந்த வழியாகத்தான் இவ்வளவு காலமும் உப்பும் ஏணியும் கத்தியும் போய்வந்தன. என் மனைவியின் திருவலை போனதும் அவ்வழியே. மனைவி காலமாகி எட்டாம் நாள், எட்டுச்செலவுச் சமையலுக்குத் தேங்காய் திருவவென்று ரீச்சர் எடுத்துப் போனார். திருவலை திரும்பி வரவில்லை. அன்றுதொட்டு நான் தேங்காயைக் கத்தியால் சீவித்தான் சம்பல் இடிக்கிறேன். ரீச்சர் வீட்டுக்குப் போய்த் திருவலைக்கு எதிரே இருந்து பெருமூச்சும் விட்டிருக்கிறேன். அவர் எனக்கு விக்கல் மருந்து தந்தார். இதற்கும் பின்னர் நடந்தவற்றுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவைக்கிறேன்.

காரணம் முழங்கால் வலி. அதை மட்டும் எழுதினால் போதும். மெசின்பிள்ளை ரீச்சரின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதை வேலியூடாகப் பார்த்தேன். ஒருநாள் பொட்டால் குனிந்து போய்க் கேட்டேன்.

“ரீச்சர், உந்த மெசின்பிள்ளையை ஒரு பின்னேரத்துக்குத் தாறியளோ? முழங்கால் சரியாய் உளையுது.”

ரீச்சர் சற்றுநேரம் வானத்தைப் பார்த்தார். மழைக்குணம் இருக்கவில்லை.

“அதுக்கென்ன, கிளாக்கர். கொண்டு போம். ஆனா விடிய எனக்கு அது குளிசை தாறது.”

“விடியிறதுக்கு முன்னம் கொண்டந்து விடுறன்.”

“அவசரமில்லை” என்றார் ரீச்சர். ஒழுங்குப்படி அவர் அதைத்தான் சொல்ல வேண்டும். அவர் முகம் வேறு எதையோ சொன்னது. ஆனால் முகத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

என் வீட்டுக்குள் வந்ததும் மெசின்பிள்ளை தலையைச் சுழற்றிப் பார்த்தது. “தாங்கள் பதிவுசெய்யப்பட்ட பயனாளர் அல்லர். அம்மா எங்கே?” என்றது. நான் முழங்காலைக் காட்டினேன். அது அசையவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டு, துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

“வணக்கம், அம்மா. இன்று தங்கள் முகம் சற்று நீண்டு காணப்படுகிறது. போதிய அளவு நீர் அருந்தினீர்களா?”

தண்ணீர் குடித்தாயா என்று என்னிடம் எவரும் கேட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. இதை ஒரு காரணமாக நான் முன்வைக்கவில்லை.

மறுநாள் விடியவே கொண்டுபோய் விட்டிருப்பேன். ஆனால் அது மின்னேறிக்கொண்டிருந்தது. இளைப்பாறும் ஒன்றை எழுப்புவது எனக்குப் பழக்கமில்லை. அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள் அது என் வீட்டுக் குசினிக்கும் விறாந்தைக்கும் வழி பழகிவிட்டது. பழகிய இடத்திலிருந்து ஒன்றைப் பெயர்ப்பது அதற்கு நல்லதில்லை என்று நினைத்தேன்.

ரீச்சர் முறைப்படி வந்தார். மெசின்பிள்ளைக்கு எதிரே இந்தக் கதிரையில்தான் இருந்தார்.

“எங்கட வீட்டு மூலை இப்ப வெறிச்செண்டு கிடக்கு, கிளாக்கர். கூட்டேக்க ஏதோ குறையிற மாதிரி.”

“ஒரு பூச்சாடி வைச்சுப் பாருங்கோ, ரீச்சர்.”

“பூச்சாடி பிரஷர் பாக்குமே?”

“தண்ணி விட்டால் வளரும்.”

ரீச்சர் பெருமூச்சு விட்டார். நான் விக்கலா என்று கேட்டேன். அவர் எழுந்து போனார். அவர் ஒழுங்கின்படி நடந்துகொண்டார். நானும் ஒழுங்கின்படியே விளங்காமல் இருந்தேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய குளிசைகளில் ஒன்றைத்தானும் நான் விழுங்கவில்லை. மெசின்பிள்ளை காலையிலும் மாலையிலும் லாச்சியைத் திறந்து என் கையில் வைப்பதை அப்படியே ஒரு பூவரசம் இலையில் மடித்து, பொட்டருகே நின்று ரீச்சரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி விழுங்கிவிட்டு, அங்கேயே நின்று கொஞ்சம் கதைப்பார். யாருடைய மாடு யாருடைய தோட்டத்துக்குள் போனது, எந்த வீட்டுக்குக் கனடாவிலிருந்து ஆள் வந்து நிற்கிறது, அந்த ஆள் எவ்வளவு கொழுத்துவிட்டது. நின்று கதைத்தால் அவருக்குக் கால் வீங்குமென்று பொட்டருகே ஒரு கதிரை போட்டேன். அவர் இருக்க நான் நிற்பது சரியில்லையென்று மற்றொரு கதிரை போட்டேன். வெயிலுக்கு மேலே ஒரு படங்கு கட்டினேன். இவை யாவும் மருந்து விநியோகத்துக்கான ஏற்பாடுகள்.

மெசின்பிள்ளை நாள்தோறும் விரலைக் கேட்டது. நான் என் விரலைக் கொடுத்தேன். என் உடம்பில் சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. அளவுகள் கொழும்புக்கும் நோர்வேக்கும் போயின. அவற்றின் மேலே சிவக்கொழுந்து என்ற பெயர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோசலாவின் முகம் திடீரென்று மெசின்பிள்ளையின் நெஞ்சில் தோன்றியது. நான் துவாயும் கண்ணாடியுமாக எண்ணெய்க்குக் காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, உங்கட சீனி இவ்வளவு இறங்கியிருக்கு. என்னம்மா செய்தனீங்கள்?”

நான் இருமினேன். மெசின்பிள்ளை அதற்குப் பொருள் சொன்னது: “அம்மாவின் தொண்டை கரகரப்பாக உள்ளது. பேசாதிருத்தல் நலம்.” அதை நான் மறுக்கவில்லை.

“சரி, நீங்கள் கதைக்க வேண்டாம். அதென்ன மேலுதட்டில கறுப்பாய்?”

துவாயை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். அன்று பின்னேரமே மீசையை எடுத்தேன். அரச சேவையில் சேர்ந்த நாள்தொட்டு வளர்த்து, பின்னர் சாயம் பூசிக் காத்த மீசை. நான் எவ்வளவு விட்டுக்கொடுத்தேன் என்பதையும் விசாரணை கணக்கில் எடுக்கும் என்று நம்புகிறேன்.

அதன்பின் கோசலா வாரந்தோறும் திரையில் வந்தாள். பனி எவ்வளவு கொட்டியது, மேலதிகாரி என்ன சொன்னான், மகன் சோறு தின்ன மறுக்கிறான், எல்லாம் சொன்னாள். நான் தலையசைத்தேன். ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முந்தி நான் ஒண்டு சொன்னா நீங்கள் பத்துச் சொல்லுவியள். இப்பதான் அம்மா நான் சொல்லுறதைக் கேக்கிறியள்” என்றாள். பிறகு, “நான் நல்ல பிள்ளைதானே?” என்று கேட்டாள். தலையசைத்தேன். அது பொய்ச்சாட்சியம் அன்று. அவள் நல்ல பிள்ளைதான்.

இதே காலத்தில் ரீச்சர் பொட்டருகே இருந்து சொன்னார்: “கோசலா இப்ப எடுக்கிறாளில்லை, கிளாக்கர். அவள் மெசின்பிள்ளையிலதான் எடுக்கிறவள்.”

“அங்க பனிக்காலம், ரீச்சர். வேலை கூடவாக்கும்.”

“ஓம், வேலையாக்கும்” என்றார். குளிசை விழுங்குவதற்காகக் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

அவர் தாமாக மகளை அழைக்க முடியாது என்பதை நான் அறிவேன். அழைத்தால் மெசின்பிள்ளை எங்கே என்று அவள் கேட்பாள். இரவல் போய்விட்டது என்றால், போய்க் கேட்டு வாங்குங்கோ என்பாள். நோர்வேயில் இருப்பவர்களுக்கு இங்கத்தைய ஒழுங்கு மறந்துவிடுகிறது. ரீச்சர் அப்படிக் கேட்டுவிடுபவர் அல்லர். அந்தப் பண்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதை நம்பியே காரியங்கள் நடந்தன.

நல்ல அளவுகளைப் பார்த்துக் கொழும்பு வைத்தியர் குளிசைகளைக் குறைத்தார். குறைந்ததையே கொடுத்தேன். இன்னும் குறைத்தார். ஒருநாள் மெசின்பிள்ளை இரண்டு கைகளையும் தட்டியது.

“அம்மா, மகிழ்ச்சியான செய்தி. தாங்கள் பூரண நலமடைந்துள்ளீர்கள். இனி மருந்து அவசியமில்லை.”

பொட்டருகே ரீச்சர் வந்து கதிரையில் இருந்துவிட்டார். வெறுங்கையோடு எப்படிப் போவது. குளிசை இல்லை என்றால் அவர் வர வேண்டிய தேவையும் இல்லாமல் போய்விடும். அதாவது, அவருடைய அன்றாட ஒழுங்கு குலைந்துவிடும் என்கிறேன். குசினியில் வெள்ளைப் பெப்பமின்ற் இனிப்புகள் கிடந்தன. பருமனும் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. பூவரசம் இலையில் வைத்துக் கொடுத்தேன்.

“இந்தப் புதுக் குளிசை நல்ல குளிர்ச்சியாய் இருக்கு, கிளாக்கர். இன்னும் ஒண்டு தர ஏலாதோ?”

“சொன்ன அளவுக்கு மிஞ்சக் கூடாது, ரீச்சர்.”

இந்த விடயத்தில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன்.

ஆம், சீனி வருத்தக்காரருக்கு மருந்தை நிறுத்திவிட்டு இனிப்பைக் கொடுத்தேன். நீங்கள் அதை ஒரே வசனத்தில் சொல்லும்போது கடுமையாக ஒலிக்கிறது. நான் அதை நாளொன்றுக்கு இரண்டு தடவையாக, சிறிது சிறிதாக, மரியாதையோடு செய்தேன்.

பின்னர் நடந்தது உங்களுக்குத் தெரியும். ரீச்சர் நயினாதீவு அம்மனிடம் போவதற்குக் குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்குள் இறங்கும்போது தலைசுற்றி, யாரோ கொண்டுவந்த தாமரைப் பூக்கூடைக்குள் விழுந்தார். கறுப்புக் கண்ணாடி கடலுக்குப் போனது. பூ இருந்தபடியால் எலும்பு முறியவில்லை. ஆசுபத்திரியில் பார்த்தபோது சீனி அளக்கும் கருவியில் எண் வரவில்லையாம். ‘மிக அதிகம்’ என்ற சொல்தான் வந்ததாம். செய்தி கேட்ட கோசலா, “நேற்றும் அம்மாவைப் பாத்தனான், நல்லாய் இருந்தவ” என்று ஆசுபத்திரியோடு வாதாடினாள் என்று அறிகிறேன். அதனால்தானே உங்கள் நிறுவனம் மெசின்பிள்ளை எங்கே நிற்கிறதென்று தேடி உங்களை இங்கே அனுப்பியது. நீங்கள் படலையைத் திறந்தபோது நான் இதே கோலத்தில் அதனோடு கைப்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். இவ்வளவு நேரமும் துவாயையும் கண்ணாடியையும் கழற்றாமல் இருப்பதற்கு மன்னிக்கவும், துஷாந்தி. கழற்றினால் அது அம்மா எங்கே என்று கேட்கும். அந்தக் கேள்வியை இப்போது தாங்கும் நிலையில் நான் இல்லை.

ஆசுபத்திரிக்கு நான் போகவில்லை. போனால் மெசின்பிள்ளையைத் தனியே விட வேண்டும். பொட்டருகே கதிரைகளை மட்டும் நாள்தோறும் துடைத்து வைத்தேன். இனிப்பும் ஒன்று எடுத்து வைத்தேன், பழக்கத்தால்.

பக்கத்துப் படலையில் ஓட்டோ நிற்கிறது. பொறுங்கள். ரீச்சர். ஆசுபத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள் போலும். ஓட்டோவிலிருந்து இறங்கித் தம் வீட்டுக்குள் போய், உடனே வெளியே வருகிறார். பொட்டால் வராமல் தெருவால், எல்லோரும் பார்க்க, என் படலையால் வருகிறார். இடுப்பில் எதையோ இடுக்கியிருக்கிறார்.

“வாங்கோ, ரீச்சர். உடம்பு இப்ப எப்பிடி? இருங்கோ, இந்தக் கதிரையில…”

“இருக்க வரேல்லை.”

அவர் மெசின்பிள்ளைக்கு எதிரே இருக்கவில்லை. வேறு கதை கதைக்கவில்லை. பெருமூச்சும் விடவில்லை. இடுப்பிலிருந்ததை என் காலடியில் வைத்தார். அது திருவலை.

“இந்தாரும் உம்மட திருவலை. என்ர மெசின்பிள்ளையைத் தாரும்.”

பிள்ளை, உங்கள் கைபேசியில் அது பதிவாகியிருக்கும். ஓட்டோக்காரர் ஓட்டோவின் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தெற்கு வீட்டார் வேலிக்கு மேலே தலையை நீட்டியவர்கள், கோப்பைகளின் நினைவு வந்ததாலோ என்னவோ, உடனே இழுத்துக்கொண்டார்கள். சுருவிலில் இந்த வசனம் வாய்விட்டுச் சொல்லப்பட்டதை நான் இதுவரை கேட்டதில்லை.

“ரீச்சர், நான் உங்களிட்டைத் திருவலையைக் கேக்கேல்லையே.”

“கேட்டிருந்தால் அண்டைக்கே தந்திருப்பன். நீரும் கேளாமல் நானும் கேளாமல் இருந்துதான் நான் பூக்கூடைக்குள்ள விழுந்தனான். இப்ப கேக்கிறன். மெசின்பிள்ளையைத் தாரும். என்ர கோசலாவையும் தாரும்.”

மெசின்பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவே உருண்டு வந்து நின்றது. கண்ணாடியும் துவாயும் இல்லாத ரீச்சரை மேலும் கீழும் பார்த்தது.

“தாங்கள் பதிவுசெய்யப்பட்ட பயனாளர் அல்லர். அருள்கூர்ந்து அம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள்.”

“கிளாக்கர்,” என்றார் ரீச்சர், தையல் வகுப்பில் நூல் சிக்கலாக்கிய பிள்ளையிடம் பேசுவதுபோல. “உந்தக் கண்ணாடியைக் கழட்டும். துவாயையும்.”

கழற்றிக் கொடுத்தேன். மறுத்திருக்கலாம், ஆனால் கேட்டவருக்கு இல்லையென்பது இங்கே வழக்கமில்லை. அவர் அணிந்துகொண்டார்.

“வணக்கம், அம்மா. இன்று தங்கள் முகம் வட்டமாக, மிக நன்றாகக் காணப்படுகிறது. மீசையின் சுவடும் மறைந்துள்ளது.”

“வா, பிள்ளை, போவம்” என்றார் ரீச்சர். சில்லு மணலில் புதைந்த இடத்தில் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். படலைக்கு அப்பால் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டுப் பக்கமும் பார்க்கவில்லை. அது என்னைத் திரும்பிப் பார்த்தது; ஆனால் என்னை அதற்குத் தெரியாது.

கண்ணாடியும் துவாயும் என்னுடையவை என்பது உங்களுக்குத் தெரியும். நான் அவற்றைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. அவர் தாமாக உணர்ந்து, ஒருநாள், அந்தப் பொட்டால் கொண்டுவந்து தரட்டும். கதிரைகள் அங்கேயே இருக்கும்.

ஒலிப்பதிவை இன்னும் நிறுத்தவில்லைத்தானே. ஒரு திருத்தம் உண்டு. காரணம் முழங்கால் வலி என்று முன்னர் சொல்லியிருந்தேன். அந்த இடத்தை வெட்டிவிட்டு இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள்: முழங்கால் இன்றைக்குத்தான், இந்தத் திருவலையைத் தூக்கக் குனிந்தபோதுதான், முதன்முதலாக வலிக்கிறது.